இளமையில் நீரிழிவும் கண்ணொளியும்

தேயிலைக் கொழுந்து பறித்தல் கையின் தொழில் என்றே பலரும் கருதுவர். சற்று நின்று நோக்கினால் அது முதலில் கண்ணின் தொழில் என்பது புலனாகும். இரண்டு இலையும் ஓர் அரும்பும் எந்தக் கிளையில் நிற்கின்றன, முற்றிய இலை எது, விட்டுவைக்க வேண்டிய தளிர் எது என்று கணப்பொழுதில் ஆராய்ந்து விரல்களுக்கு ஆணையிடுவது கண்ணே. கால் வைக்குமிடம் கல்லா, கானா என்று காண்பதும், செடியின் அடியிலே தொங்கும் குளவிக்கூட்டை முன்னரே அறிந்து விலகச் செய்வதும் அதுவே. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் செங்குத்தான மலைச்சரிவுகளில் உழைக்கும் மக்களுக்குக் கண் என்பது உறுப்பு மாத்திரமன்று. வாழ்வுக்கு வைத்த முதல். அந்த முதலை ஓசையின்றிக் கரைக்கும் நோய் ஒன்று இளைஞரிடையேயும் புகுந்துள்ளது. அதுவே நீரிழிவினால் விளையும் கண்நோய்.

நீரிழிவு என்னும் சொல்லே நோயின் இயல்பை உணர்த்துவது. இழிதல் என்றால் கீழ்நோக்கி ஒழுகுதல். உடலின் நீர் அளவின்றி ஒழுகும் நோய் என்பது அதன் பொருள். மலையகத்தில் இதனைச் 'சீனி வருத்தம்' என்பர். உண்ட உணவிலிருந்து பிறக்கும் சர்க்கரை, உடலின் உயிரணுக்களுள் புகுந்து வலிமையாக மாறுதல் வேண்டும். அதற்குத் திறவுகோலாய் இருப்பது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். திறவுகோல் இல்லாதொழிந்தாலும், இருந்தும் பூட்டுத் திறவாவிட்டாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடுகின்றது. சிறுவரிடம் பெரும்பாலும் காணப்படுவது முன்னையது. அதனை முதலாம் வகை என்பர். பின்னையது இரண்டாம் வகை. இது முன்பு நடுவயதுக்கு மேற்பட்டோரின் நோயாகவே இருந்தது. இப்பொழுது இருபது, முப்பது வயதினரையும், சிலபோது பள்ளி மாணவரையும் பற்றுகின்றது.

இலங்கையில் இந்நோய் பரவிய வேகத்தை இரண்டு ஆய்வுகள் காட்டும். 2005–06ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வில் வளர்ந்தோருள் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர், தமக்கு அந்நோய் உண்டென்பதை அன்றுவரை அறியாதிருந்தனர். 2018–19ஆம் ஆண்டுகளில் நடந்த மற்றோர் ஆய்வு நூற்றுக்கு 23 பேர் என்று கணக்கிட்டது. இரண்டும் வெவ்வேறு முறையில் நடந்தவை; ஆதலின் எண்ணோடு எண்ணை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடல் பொருந்தாது. ஆயினும் நோய் செல்லும் திசை எதுவென்பதில் ஐயமில்லை.

"நாள்தோறும் மலையேறி இறங்கும் உழைப்பாளிக்குச் சீனி வருத்தம் வருமா? அது அமர்ந்து உண்ணும் செல்வரின் நோய் அன்றோ?" என்று கேட்போர் உளர். உழைப்பு ஓரளவு காக்கும் என்பது மெய்யே. ஆனால் அது முழுக் கவசம் ஆகாது. தென்னாசிய மக்களுக்கு மேலைநாட்டினரைவிட இளம் வயதிலேயே, உடல் பருக்காத நிலையிலேயே, இரண்டாம் வகை நீரிழிவு வருகின்றது என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. அரிசியையும் கோதுமை மாவையும் நம்பியே தோட்டக் குடும்பத்தின் உணவு நெடுங்காலம் அமைந்துவிட்டது. காலையில் ரொட்டி, இடையில் சீனி மிகுந்த தேநீர், இரவில் மீண்டும் சோறு அல்லது ரொட்டி. காய்கறியும் பருப்பும் மீனும் தொட்டுக்கொள்ளும் அளவே. அன்றியும், மலையில் கொழுந்து பறித்த தாயின் மகனும் மகளும் இன்று கொழும்பிலே கடையிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கின்றனர். தாயின் நடை அவர்களுக்கு இல்லை; உணவோ முன்னையினும் இனிப்பும் எண்ணெயும் மிகுந்தது.

இன்னுமொரு காரணம் ஆழமானது. 1992ஆம் ஆண்டிலே ஹேல்ஸ், பார்க்கர் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர் இருவர் ஒரு கருத்தை வெளியிட்டனர். தாயின் வயிற்றில் போதிய ஊட்டமின்றி நிறை குறைந்து பிறக்கும் குழந்தையின் உடல், குறைந்த உணவுக்கே தன்னைப் பழக்கிக்கொள்கின்றது. பின்னர் நிறைந்த உணவு கிடைக்குங்கால் அதனைத் தாங்கமாட்டாது நீரிழிவுக்கு ஆளாகின்றது என்பதே அக்கருத்து. இலங்கையில் நிறைகுறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் தோட்டப்புறத்திலேயே மிகுதி என்பதைத் தேசிய ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியாயின், கருவுற்ற தாயின் தட்டில் இடப்படும் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிக் கீரையும், அக்குழந்தைக்கு முப்பது வயதாகும்போது அதன் கண்ணையும் காக்கும் காவலாகும்.

இனிக் கண்ணுக்கு வருவோம். கண்ணின் உட்புறச் சுவரில் மெல்லிய திரை ஒன்று படிந்துள்ளது. அதுவே விழித்திரை. வெளியுலகின் உருவம் அதன்மேல் வீழ்ந்தே மூளைக்குச் செல்கின்றது. அத்திரைக்கு உணவூட்டுவன மயிரினும் நுண்ணிய இரத்தக் குழல்கள். தோட்டங்களிலே மலையுச்சி ஊற்றிலிருந்து பீலிக்கரைக்கு நீர் கொண்டுவரும் குழாயை நினைத்துக்கொள்க. பழுதுற்ற குழாய் முதலில் ஆங்காங்கே புடைக்கும், பின்பு கசியும், சில இடங்களில் அடைபட்டுப் போகும். நீர் வாராத லயத்தார் கிடைத்த துண்டுக் குழாயைக் கொண்டு அவசரமாக ஓர் இணைப்புச் செய்வர். அதுவும் ஓரிரவில் வெடித்து முற்றத்தைச் சேறாக்கும். விழித்திரையிலும் நிகழ்வது இதுவே.

பல ஆண்டுகளாய் இரத்தத்தில் மிகுந்து நிற்கும் சர்க்கரை, நுண்குழல்களின் சுவரை மெலிவிக்கின்றது. முதலில் சிறு புடைப்புகளும் இரத்தப் புள்ளிகளும் தோன்றும். பின்பு நீரும் கொழுப்பும் கசியும். விழித்திரையின் நடுப்பகுதியிலே கசிவு தேங்கினால் எழுத்தும் முகமும் மங்கும். குழல்கள் அடைபட்ட பகுதி, உணவின்றிப் புதுக் குழல்களை முளைக்கச் செய்யும். அவை உறுதியற்றவை, ஒரு நாள் உடைந்து, கண்ணுள் நிறைந்துள்ள பளிங்கு போன்ற பாகிலே இரத்தத்தைக் கொட்டும். வடுக்கள் சுருங்கி விழித்திரையையே இழுத்துக் கழற்றுதலும் உண்டு.

இதிலே அஞ்சத்தக்கது யாதெனில், இந்த அழிவு நெடுங்காலம் எவ்வித அறிகுறியுமின்றி நடத்தலே. வலியில்லை, சிவப்பில்லை, நீர் வடிதலும் இல்லை. விழித்திரையின் ஓரங்கள் சிதைந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் செய்தித்தாளின் சிற்றெழுத்தையும் தடையின்றிப் படிக்கலாம். ஆகவே, 'எனக்குக் கண் நன்றாகத் தெரிகின்றதே' என்பது நோயின்மைக்குச் சான்று ஆகாது. பார்வை மங்கிய பின்னர் வைத்தியரை நாடுதல், கூரை வீழ்ந்த பின்னர் தூணைச் சோதிப்பதை ஒக்கும்.

உயிருள்ளவரின் விழித்திரையை மனிதன் காணத் தொடங்கி இரண்டு நூற்றாண்டு ஆகவில்லை. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851ஆம் ஆண்டிலே வெளியிட்ட கண்நோக்குக் கருவியே அதற்கு வழி திறந்தது. ஆயினும் அக்காலத்தில் நீரிழிவுற்ற சிறுவர் விரைவிலேயே இறந்தமையால், கண் கெடும் அளவுக்கு அவர்கள் வாழ்ந்ததில்லை. 1921ஆம் ஆண்டில் கனடாவின் டொரொண்டோ நகரிலே பான்டிங், பெஸ்ட் ஆகியோரின் முயற்சியால் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் அதனை முதன்முதலில் ஊசி வழியாகப் பெற்றான். சாவுக்குரியவராய் இருந்த சிறுவர் வாழத் தொடங்கினர். வாழ்ந்தவர்களிடமே, பத்து இருபது ஆண்டுகளின் பின், கண்நோய் தலைகாட்டிற்று. முதலாம் வகை நீரிழிவு இருபது ஆண்டு நீடித்தால் ஏறக்குறைய எல்லாரிடமும் விழித்திரையில் ஓரளவேனும் மாற்றம் காணப்படும் என்று பிற்கால ஆய்வுகள் கண்டன. பத்து வயதில் நோயுற்ற குழந்தைக்கு இருபது ஆண்டு கடந்தால் வயது முப்பதே. மணமும் மக்களும் உழைப்பும் நிறைந்த பருவம் அது.

இளமையில் வரும் இரண்டாம் வகை இன்னும் கடுமையானது. அமெரிக்காவிலே பத்து வயதுக்கும் பதினேழுக்கும் இடைப்பட்ட பருவத்தில் அந்நோய்க்கு ஆளான இளைஞரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, 2021ஆம் ஆண்டில் தன் முடிவை வெளியிட்டது. அவர்களின் சராசரி வயது 26 ஆகும்போதே, ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழித்திரையில் பழுது தோன்றியிருந்தது. இளமை தன்னைத் தானே காக்கும் என்னும் நம்பிக்கை இங்கே பொய்த்துவிடுகின்றது.

எனினும் இவ்வரலாறு அச்சத்தோடு முடிவதன்று. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் ஒரு பெரும் ஆய்வு நடந்தது. பதின்மூன்று முதல் முப்பத்தொன்பது வயது வரையுள்ள முதலாம் வகை நோயாளர் அவர்கள். சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுள், தொடக்கத்தில் கண் பழுதுறாதிருந்தோருக்கு அப்பழுது தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. இரண்டாம் வகையினருக்கும் சர்க்கரைக் கட்டுப்பாடும் இரத்த அழுத்தக் கட்டுப்பாடும் கண்ணைக் காக்கும் என்பதை 1998ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய ஆய்வு நிலைநாட்டிற்று. புகைத்தலை விடுதலும் இதனோடு சேரும்.

பழுது தோன்றிய பின்னரும் வழியுண்டு. 1945ஆம் ஆண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தோரின் விழித்திரை சுட்டுப்போனதை, மேயர் ஷ்விக்கராத் என்னும் ஜெர்மன் கண்வைத்தியர் கண்டார். சுடும் ஒளியையே அளவோடு செலுத்தி நோயுற்ற இடத்தை அடைக்கலாகாதோ என்று அவர் சிந்தித்தார். அச்சிந்தனை வளர்ந்தே லேசர் சிகிச்சைக்கு அடிகோலியது. முற்றிய நீரிழிவுக் கண்நோயில் அவ்வொளிச் சிகிச்சை, கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்பது 1976ஆம் ஆண்டில் உறுதியாயிற்று. இன்று கண்ணுள் செலுத்தும் ஊசிமருந்தும், கண்ணுள் தேங்கிய இரத்தத்தை அகற்றும் அறுவையும் வழக்கில் உள்ளன. ஆனால் இவை யாவும் எஞ்சிய பார்வையைக் காப்பதில் வல்லன. அழிந்த விழித்திரையை மீண்டும் முளைப்பிக்க வல்லன அல்ல. ஆதலின் காலத்தோடு கண்டறிதலே சிகிச்சையின் பாதி.

எப்பொழுது சோதித்தல் வேண்டும்? முதலாம் வகையினர் நோய் கண்ட ஐந்தாண்டுக்குள் முதற் சோதனையைச் செய்துகொள்ளுதல் நெறி. இரண்டாம் வகையினர் நோய் கண்ட உடனேயே செய்தல் வேண்டும். ஏனெனில் நோய் எப்போது தொடங்கிற்று என்பதை எவரும் அறியார். பின்னர் ஆண்டுதோறும், அல்லது வைத்தியர் குறிக்கும் காலந்தோறும். முன்னரே நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் தொடக்க மாதங்களிலேயே கண்ணைக் காட்டுதல் வேண்டும். கருவுற்ற காலத்தில் இந்நோய் விரைந்து முற்றுதல் உண்டு. நெடுநாள் கட்டுப்பாடின்றி இருந்த சர்க்கரையை விரைவாகக் குறைக்கும்போதும், கண்ணின் பழுது சிறிது காலம் மிகுதல் கூடும். அதற்காகக் கட்டுப்பாட்டைக் கைவிடலாகாது. முன்னதாகவே கண்ணைச் சோதித்துக்கொள்வதே தக்கது.

சோதனை எளியது, வலியற்றது. சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரியச் செய்து வைத்தியர் உள்ளே நோக்குவார், அல்லது கருவியாற் படம் எடுப்பர். மருந்தின் விளைவாற் சில மணி நேரம் அருகிலுள்ளது மங்கும், வெயில் கூசும். அன்றைய பொழுது சரிவிலே கொழுந்து பறிக்கச் செல்லுதல் தகாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுதல் நன்று.

இவ்விடத்திலேதான் தோட்டத்து வாழ்வின் இடர் எதிர்ப்படுகின்றது. கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் போய்விடும். நிறை குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒருநாட் கூலி சிறிதன்று. நோவாத கண்ணுக்காக அதை இழப்பானேன் என்று எண்ணுதல் இயல்பே. எண்ணுபவரைப் பழித்தல் எளிது. வழி காட்டுதலே கடமை. 2017 மே மாதத்தில் இந்திய உதவியுடன் அமைந்த 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா வைத்தியசாலை திறக்கப்பட்டது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலையும், கண்டியிலும் கொழும்பிலும் பெரிய கண்சிகிச்சைப் பிரிவுகளும் உள்ளன. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆயினும் கட்டணமில்லாச் சிகிச்சைக்கும் பஸ் கட்டணம் உண்டு. ஒருநாட் பொழுதும் உண்டு.

தமிழ்நாட்டில் இவ்விடருக்கு ஒரு விடை கண்டனர். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் மதுரையிலே பதினொரு கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, விழித்திரையைப் படமெடுக்கும் கருவியை வண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கே கொண்டுசென்றது. நோயாளி நகருக்குப் பயணம் செய்யாமல், அவர் கண்ணின் படம் பயணம் செய்தது. நகரிலிருந்த வைத்தியர் அதைப் பார்த்து, யார் வரவேண்டும், யார் வரவேண்டியதில்லை என்று பிரித்துரைத்தனர். தோட்டத்துக்குத் தோட்டம் ஆண்டுக்கு ஒரு நாள் இத்தகைய கருவி வருமாயின், பலரின் பேரும் தப்பும், கண்ணும் தப்பும். நிர்வாகமும் தொழிற்சங்கமும் சுகாதாரப் பகுதியும் ஒருங்கிருந்து செய்யத்தக்க காரியம் இது. தொற்றா நோய்களை முன்கூட்டி அறிய 2011 முதல் அரசாங்கம் அமைத்த நிலையங்கள் நடுவயதினரையே முதன்மையாக நோக்கின. இளையோரைத் தேடிச் செல்லும் ஏற்பாடும் உடன் வேண்டும்.

சில தவறான எண்ணங்களையும் களைதல் வேண்டும். 'இன்சுலின் ஊசி போட்டால் கண் போய்விடும்' என்பது ஒன்று. மாத்திரை பயனிழந்து, நோய் முற்றிய பின்னரே பலர் ஊசிக்கு வருகின்றனர். அப்போது கண் ஏற்கெனவே பழுதுற்றிருக்கும். பழி மருந்தின்மேல் விழுகின்றது, குற்றமோ தாமதத்தினுடையது. கண்ணில் தாய்ப்பாலோ இலைச்சாறோ விடுதல் மற்றொன்று. நோய் இருப்பது கண்ணின் உட்சுவரில், வெளியே விடும் சாறு அங்கே சென்று சேராது, புண்ணையே உண்டாக்கக்கூடும். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்வில்லை நீரேற்று வடிவம் மாறுவதாற் பார்வை சில நாள் மாறுபடுதல் உண்டு. அந்நாளில் மூக்குக் கண்ணாடி வாங்குதல் வீண்செலவு; சர்க்கரை நிலைப்பட்ட பின்னரே அளவெடுத்தல் வேண்டும். ஆனால் கண்முன் கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகுதல், திரை வீழ்ந்தாற்போல் ஒருபுறம் மறைதல், ஒரு கண் சட்டென மங்குதல் ஆகியவை நேர்ந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். மறுநாட் பெரட்டு வரை பொறுத்திருத்தலும் ஆகாது.

வீட்டுக்கு அடுத்தபடியாக இளையோரைக் காணுமிடம் பள்ளிக்கூடம். அடிக்கடி நீர் கேட்கும் பிள்ளை, அடிக்கடி வெளியே செல்ல அனுமதி வேண்டும் பிள்ளை, நன்கு உண்டும் மெலியும் பிள்ளை ஆகியோரைக் குறும்பர் என்று கடிதல் தகாது. அன்றே பெற்றோருக்குச் சொல்லி இரத்தத்தைச் சோதிக்கச் செய்தல் ஆசிரியர் கடன். அக்குறிகளைப் புறக்கணித்தால் சில நாட்களிலேயே உயிருக்கும் இடர் நேரலாம். நோயுள்ள பிள்ளை வகுப்பிலே ஊசி போட்டுக்கொள்ளவும், சோர்வு கண்டபோது இனிப்பு உண்ணவும் நாணாதிருக்கச் செய்தலும் அக்கடனுள் அடங்கும். 'சீனி வருத்தக்காரி' என்று பெயர் சூட்டினால், திருமணம் தடைப்படும் என அஞ்சிப் பெண்பிள்ளைகள் நோயை மறைப்பர். மறைத்த நோய் முதலில் கண்ணையே மறைக்கும்.

கொழும்புக்கு வேலை தேடிப்போகும் இளைஞர் ஊரிலே விட்டுச் செல்லும் பொருள்களுள் கிளினிக் கொப்பியும் ஒன்றாகிவிடுகின்றது. பயணப்பெட்டியில் உடையோடு அதுவும் செல்லுதல் வேண்டும். சென்ற இடத்து அரசாங்க வைத்தியசாலையிலே அதனைக் காட்டி மருந்தைத் தொடர்தல் வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு திரும்பும் மகனிடமும் மகளிடமும் தாய்தந்தையர் கேட்கும் கேள்விகளுள், "இந்த ஆண்டு கண்ணைக் காட்டினாயா?" என்பதும் ஒன்றாகட்டும்.

நீரிழிவை இன்னும் முற்றாக நீக்கும் மருந்து உலகில் பொதுவழக்குக்கு வரவில்லை. ஆனால் அதனாற் கண்ணிழத்தல் பெரும்பாலும் தவிர்க்கத்தக்கது. உணவில் அளவு, மருந்தில் ஒழுங்கு, இரத்த அழுத்தத்தில் கவனம், ஆண்டுக்கு ஒருமுறை கண்சோதனை என்னும் நான்கும் கைக்கொள்ளத்தக்கன. சோதனைக்காக இழக்கும் ஒரு பேர், அடுத்த மாதத்திலே உழைத்து ஈட்டத்தக்கது. இழந்த விழித்திரையை எந்த மாதத்து உழைப்பாலும் ஈட்டுதல் இயலாது.